அட்டைக் கொடுப்பனவு மறுக்கப்பட்டால், மறுபடி அழுத்துவதற்கு முன் செய்ய வேண்டியவை

கடந்த ஆண்டு தங்கச்சிக்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் விண்ணப்பக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 75 அமெரிக்க டொலர். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் வீட்டில் இருந்தபடி என் டெபிட் அட்டையால் கட்ட முயன்றேன். கணக்கில் 62,000 ரூபா இருந்தது. முதல் தரம் அழுத்த, கொடுப்பனவு ஏற்கப்படவில்லை என்றது தளம். இரண்டாம் தரமும் அதே பதில். மூன்றாம் தரம் கணக்கில் போதிய பணம் இல்லை என்று வந்தது. கிட்டத்தட்ட 23,000 ரூபாவுக்கு 62,000 எப்படிப் போதாமல் போகும் என்று விளங்காமல் நாலாம் தரமும் அழுத்தினேன். அத்தோடு அட்டை பூட்டுப்பட்டது. விண்ணப்ப முடிவு ஞாயிறு. திங்கள் போயா (பௌர்ணமி விடுமுறை), வங்கி பூட்டு.

என்ன நடந்தது என்பது செவ்வாய்க்கிழமை கிளைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. முதல் இரண்டு தடவையும் என் வங்கி சம்மதம் கொடுத்திருக்கிறது. மறுத்தது அந்தப் பக்கத்துத் தளம். நான் கொடுத்த முகவரியை அதனால் சரிபார்க்க முடியவில்லை. ஆனால் வங்கி சம்மதம் கொடுத்தபோதே ஒவ்வொரு தடவைக்கும் 23,000 அளவில் ஒதுக்கி வைத்துவிட்டது. மூன்றாம் தரம் நான் அழுத்தியபோது எடுக்கக்கூடியதாக இருந்தது 16,000 மட்டும். அந்த மறுப்பைச் சொன்னது வங்கி. நாலாவதைச் சொன்னது வங்கியின் மோசடித் தடுப்பு முறை.

திரையில் எல்லா மறுப்பும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆனால் மறுத்தவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து என்ன செய்வது என்பது இருக்கிறது. முதன்முதலாக அட்டை எடுத்த மாணவர்கள், வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளக் கணக்குத் திறந்தவர்கள், வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வந்து நிற்பவர்கள் எல்லோருக்குமாக, நான் பட்டதையும் பிறகு கேட்டு அறிந்ததையும் ஒழுங்காக எழுதுகிறேன்.

1. முதலில் கையை எடுங்கள்

மறுப்பு வந்தவுடன் திரையைப் படம் எடுங்கள். நேரம், தொகை, என்ன நாணயம், திரையில் வந்த வசனம், குறியீடு ஏதும் இருந்தால் அதுவும். கடை என்றால் மெசினில் வரும் துண்டைக் கேட்டு வாங்குங்கள். மறுக்கப்பட்ட கொடுப்பனவுக்கும் பல மெசின்கள் துண்டு அடித்துத் தரும். கடைக்காரர் கசக்கி எறிவதற்கு முன் வாங்கிவிடுங்கள்.

பிறகு தொலைபேசியில் எஸ்.எம்.எஸ். பாருங்கள், வங்கிச் செயலியையும் திறந்து பாருங்கள். கணக்கு மீதி ஒன்று, எடுக்கக்கூடிய மீதி இன்னொன்று என்று இரண்டு தொகை காட்டும். இரண்டும் வேறுபட்டால் எங்கோ ஒரு தொகை ஒதுக்கப்பட்டு நிற்கிறது என்று அர்த்தம். நான் அன்றைக்கு இந்த இரண்டாவது தொகையைப் பார்த்திருந்தால் மூன்றாம் தரம் அழுத்தியிருக்க மாட்டேன்.

ஒரே அட்டை, ஒரே தொகை, ஒரே தளம், பத்து நிமிடத்துக்குள் நாலு தடவை. வங்கியின் கணினிக்கு இது களவெடுத்த அட்டையைச் சோதித்துப் பார்க்கிற ஆளின் நடத்தை மாதிரித்தான் தெரியும். ஒரு தடவை மறுக்கப்பட்டால் காரணம் தெரியும்வரை நிறுத்துங்கள். எதையாவது மாற்றினால் மட்டும் இரண்டாம் தடவை.

2. மறுத்தது யார் என்று பாருங்கள்

உங்கள் கொடுப்பனவு நாலு கை மாறுகிறது. கடையின் மெசின் அல்லது இணையத்தளம், அந்தக் கடைக்காரரின் வங்கி, வீசா அல்லது மாஸ்டர்காட் வலையமைப்பு, கடைசியாக உங்களுக்கு அட்டை தந்த வங்கி. எந்த இடத்திலும் நிற்கலாம். வீட்டிலிருந்தே ஓரளவு கண்டுபிடிக்க இப்படிப் பாருங்கள்.

வங்கியிடமிருந்து எந்த எஸ்.எம்.எஸ்ஸும் வரவில்லை, ஓ.ரி.பி.யும் (தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு இலக்கம்) கேட்கவில்லை என்றால் கோரிக்கை பெரும்பாலும் உங்கள் வங்கிவரை போகவே இல்லை. அட்டை விவரத்தில் பிழை இருக்கலாம், அல்லது தளத்தில் கோளாறு இருக்கலாம்.

ஓ.ரி.பி. வந்தது, போட்டீர்கள், அதன் பிறகு மறுப்பு வந்தது என்றால் உங்கள் வங்கியை முதலில் விசாரியுங்கள்.

பணம் கழிந்ததாக எஸ்.எம்.எஸ். வந்தது, ஆனால் தளம் மறுக்கிறது என்றால் உங்கள் வங்கி சம்மதித்துவிட்டது. பிரச்சினை அந்தப் பக்கத்தில். இந்த நிலையில் மறுபடி அழுத்தினால் இன்னொரு தொகை ஒதுக்கப்படும். எனக்கு நடந்தது இதுதான். அன்றைக்கு வந்த எஸ்.எம்.எஸ்ஸை நான் பார்த்தேன், கழிந்த காசு தானாகத் திரும்பியிருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

துண்டிலோ திரையிலோ இரண்டு இலக்கக் குறியீடு இருந்தால் வேலை சுலபம். உலகம் முழுக்கப் பொதுவாக வழங்குகிற சில:

51: போதிய பணம் இல்லை.
54: அட்டை காலாவதி, அல்லது காலாவதித் திகதி பிழை.
14: அட்டை இலக்கம் பிழை.
55: பின் (PIN) இலக்கம் பிழை. 75: பின் இலக்கம் பல தடவை பிழையாகப் போடப்பட்டுவிட்டது.
57: இந்த அட்டைக்கு இந்த வகைக் கொடுப்பனவு அனுமதிக்கப்படவில்லை.
61: தொகை எல்லையைத் தாண்டுகிறது. 65: தடவை எல்லையைத் தாண்டுகிறது.
91: வங்கியின் கணினி பதில் தரவில்லை. 96: அமைப்பில் கோளாறு.
41, 43: தொலைந்த அல்லது களவுபோன அட்டை என்று பதியப்பட்டிருக்கிறது.
05: வங்கி மறுக்கிறது, காரணத்தைக் கடைக்குச் சொல்லவில்லை.

05 தான் மிகவும் தொந்தரவானது. கடைக்காரரிடம் எவ்வளவு கேட்டாலும் அவருக்கும் தெரியாது, அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். வங்கியின் அழைப்பு நிலையத்துக்கு எடுத்தால்தான் காரணம் தெரியும். 91, 96 என்றால் அரை மணித்தியாலம் பொறுத்துவிட்டு ஒரு தடவை முயலலாம். மற்றக் குறியீடுகள் வந்தால் காரணத்தைச் சரிசெய்யாமல் மறுபடி அழுத்துவதில் பயன் இல்லை.

3. நாங்கள் விடுகிற பிழைகள்

இதை அவமானமாக நினைக்காமல் நிதானமாகச் சரிபாருங்கள்.

காலாவதித் திகதியில் மாதம் முதலில், ஆண்டு பிறகு. அட்டையில் போட்டிருக்கும் மாதத்தின் கடைசி நாள்வரை அது செல்லும். அட்டை புதுப்பித்து வரும்போது பெரும்பாலும் இலக்கம் அதே, திகதியும் பின்பக்கத்து மூன்று இலக்கமும் மட்டும் மாறியிருக்கும். மாதாமாதம் தானாகக் கட்டுப்படுகிற சேவைகளில் பழைய திகதி கிடந்தால் அந்த மாதம் கட்டுப்படாது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையில் அந்தப் பாதுகாப்பு இலக்கம் நாலு, அதுவும் முன்பக்கத்தில். இன்னொன்று, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஏற்காத கடைகள் நிறைய உண்டு. அது உங்கள் அட்டையின் பழுது அல்ல.

முகவரிதான் எங்கள் ஆட்களைக் கூடுதலாக மாட்டுவது. அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய நாடுகளில் வீட்டு இலக்கத்தையும் தபால் குறியீட்டையும் வங்கியில் இருப்பதோடு ஒப்பிடும் முறை இருக்கிறது. எங்கள் வங்கி அட்டைகளுக்கு அந்த ஒப்பீடு பெரும்பாலும் நடப்பதில்லை. சில தளங்கள் சரிபார்க்க முடியவில்லை என்றாலே மறுத்துவிடும். வங்கியில் கொடுத்த முகவரியை அப்படியே போடுங்கள். யாழ்ப்பாணத்தின் தபால் குறியீடு 40000. குறியீட்டுப் பெட்டியை வெறுமையாக விடவோ 00000 என்று நிரப்பவோ வேண்டாம். அனுப்பும் முகவரி கொழும்பில் உறவினர் வீடாக இருந்தாலும் கட்டண முகவரி என்று கேட்கும் இடத்தில் வங்கியில் உள்ள முகவரிதான் போக வேண்டும். ஒழுங்கைப் பெயர், கோயிலடி என்றெல்லாம் நீளமாக எழுதாமல், இலக்கம், வீதி, ஊர் போதும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சுருக்கமாக இருக்கட்டும் என்று வீட்டு இலக்கம் இல்லாமல் வீதிப் பெயரை மட்டும் போட்டேன்.

4. ஆளி (சுவிட்ச்) போட்டிருக்கிறதா என்று பாருங்கள்

புதிதாக அட்டை எடுத்தவர்களுக்கு நடப்பதில் பாதி இதுதான் என்பது என் எண்ணம். அட்டை கைக்கு வந்தவுடன் எல்லாவற்றுக்கும் வேலை செய்யும் என்று நினைக்கிறோம். பல வங்கிகளில் இணையக் கொடுப்பனவு, வெளிநாட்டுக் கொடுப்பனவு, அட்டையை மெசினில் தட்டிக் கட்டுவது எல்லாம் தனித்தனி அனுமதி. டெபிட் அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு பூட்டியே வருவது சாதாரணம். குறியீடு 57 வந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

வங்கிச் செயலியில் அட்டைப் பகுதிக்குள் போனால் இந்த ஆளிகள் இருக்கும். அங்கேயே நாளாந்த எல்லையும் இருக்கும். கணக்கில் 3 இலட்சம் இருந்தாலும் இணைய எல்லை 50,000 என்று இருந்தால் 60,000 போகாது. செயலியில் இந்தப் பகுதி இல்லையென்றால் அழைப்பு நிலையம், அதிலும் சரிவராவிட்டால் கிளை. கிளைக்குப் போகும்போது தேசிய அடையாள அட்டையின் மூலப்பிரதி, ஒரு பிரதி, அட்டை, கணக்கு இலக்கம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். படிவம் நிரப்பிக் கையெழுத்து வைக்க வேண்டும், அந்தக் கையெழுத்து கணக்குத் திறந்தபோது வைத்த மாதிரி இருக்க வேண்டும். பாடசாலை நாளில் கணக்குத் திறந்தவர்களுக்குக் கையெழுத்து மாறியிருக்கும், அதைப் புதுப்பிக்கவும் அதே நாளில் கேளுங்கள்.

புது அட்டையை முதலில் ஏ.ரி.எம்மில் ஒரு தடவை பின் இலக்கம் போட்டுப் பாவித்த பிறகுதான் மற்றவற்றுக்கு இயங்க விடுகிற வங்கிகளும் உண்டு. ஆஸ்பத்திரி வீதி ஏ.ரி.எம்மில் நின்றபடி கணக்கு மீதியைப் பார்த்தாலே அலுவல் முடிந்துவிடும்.

கடன் அட்டை என்றால் இன்னொன்று. குறைந்தபட்சத் தொகை கட்டாமல் தவறியிருந்தால் எல்லை மிச்சம் இருந்தாலும் அட்டை நிற்கும். கட்டினாலும் அதே நிமிடம் திறக்காது. எப்போது திறக்கும் என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

5. வெளிநாட்டுத் தொகைக்குக் கொஞ்சம் கூட விடுங்கள்

டொலர்ப் பெறுமதியை மத்திய வங்கி விகிதத்தால் பெருக்கிப் பார்த்து அவ்வளவுதான் கழியும் என்று நினைக்க வேண்டாம். அட்டைக்கான விகிதம் வேறு. அதன் மேல் நாணய மாற்றுக் கட்டணம் சேரும், அட்டையின் வகையைப் பொறுத்து வேறு கழிவுகளும் வரலாம். கணக்குக்காக ஒரு டொலர் 300 ரூபா, கட்டணம் 3 வீதம் என்று வைத்தால் 75 டொலருக்கு 22,500 இல்லை, 23,175 ரூபா. உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியல் அதன் இணையத்தளத்தில் இருக்கும், பாருங்கள். நான் இப்போது கணக்கிட்ட தொகையைவிடப் பத்து வீதம் கூட வைத்துவிட்டுத்தான் கட்டுகிறேன்.

சில சேவைகள் அட்டையைப் பதியும்போது ஒரு டொலர் அளவில் எடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடும். ஹோட்டல் பதிவுகள் தங்கும் செலவைவிடக் கூடுதலாக ஒதுக்கிவைக்கும். இவற்றையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

பெருந்தொகை, அதாவது முதல் தவணைக் கட்டணம் போன்றவை என்றால் அட்டையை விட்டுவிடுங்கள். வங்கிக் கிளையில் ரி.ரி. (வங்கியிலிருந்து வெளிநாட்டு வங்கிக்கு நேரடியாகக் காசு அனுப்புவது) என்று கேளுங்கள். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், கட்டண விலைப்பட்டியல், கடவுச்சீட்டுப் பிரதி, காசு எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம் என்று வங்கி கேட்கும். முதல் நாளே தொலைபேசியில் பட்டியலைக் கேட்டு எழுதிக்கொண்டு போனால் இரண்டாம் நடை மிச்சம்.

மெய்நிகர் நாணயம் வாங்க எங்கள் அட்டைகளைப் பாவிக்க மத்திய வங்கி அனுமதிப்பதில்லை. அதற்காக மறுக்கப்பட்டால் அழைப்பு நிலையத்தோடு வாதாடிப் பயன் இல்லை. வேறு பெயரில் கட்ட வழி இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவரிடம் அட்டை விவரத்தைக் கொடுக்க வேண்டாம்.

6. ஓ.ரி.பி. வரவில்லை

கொக்குவிலில் இருக்கும் மச்சாள் ஒருத்தி இரண்டு கிழமையாக அட்டை பழுது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பார்த்தால் வங்கியில் பதிந்த இலக்கம் அவள் படிக்கும்போது வைத்திருந்த சிம். அந்தச் சிம் எப்போதோ செயலிழந்துவிட்டது. ஓ.ரி.பி. ஒவ்வொரு தடவையும் அந்த இலக்கத்துக்குத்தான் போயிருக்கிறது.

தொலைபேசி இலக்கத்தை மாற்றுவது அழைப்பு நிலையத்தில் முடியாத அலுவல், பெரும்பாலும் கிளைக்கு நேரில் போக வேண்டும். அடையாள அட்டை கட்டாயம். கேட்கும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: கணக்குக்கும் மாற்ற வேண்டும், அட்டைக்கும் மாற்ற வேண்டும். இரண்டும் தனித்தனிப் பதிவாக இருக்கிற வங்கிகளில் கணக்கில் மட்டும் மாற்றிவிட்டு அனுப்பிவிடுவார்கள். மச்சாள் அதனால் இரண்டு தரம் நடந்தாள். அட்டைப் பிரிவு கொழும்பில் இருப்பதால் மாற்றம் அன்றே ஏறாமலும் போகலாம். எத்தனை வேலை நாள் என்று கேட்டு, கையெழுத்து வைத்த படிவத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

இலக்கம் சரி, ஆனாலும் வரவில்லை என்றால் தொலைபேசியை ஒரு தரம் நிறுத்திப் போடுங்கள், எஸ்.எம்.எஸ். பெட்டி நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஓ.ரி.பி. சில நிமிடம்தான் செல்லும். பிந்தி வந்ததைப் போட வேண்டாம், புதிதாகக் கேளுங்கள். பிழையாகப் பல தடவை போட்டால் அதற்கும் பூட்டு விழும்.

வெளிநாடு போகிறவர்கள், வங்கியில் உள்ள சிம்முக்கு ரோமிங் போட்டுக்கொண்டு போங்கள். மின்னஞ்சலுக்கும் ஓ.ரி.பி. வருமாறு செய்ய முடியுமா என்று கிளையில் கேளுங்கள்.

7. அழைப்பு நிலையத்தில் என்ன கதைப்பது

அட்டையின் பின்பக்கத்தில் உள்ள இலக்கத்துக்கு மட்டும் எடுங்கள். முகநூலில் வங்கியின் பெயரோடு வரும் ஆட்களை நம்ப வேண்டாம். மொழி கேட்கும்போது தமிழைத் தெரிவு செய்யுங்கள். இரவில் தமிழ் கதைக்கிறவர் இல்லை என்றால் திருப்பி எடுக்கச் சொல்லி இலக்கத்தைக் கொடுங்கள், அல்லது காலையில் எடுங்கள். பாதி விளங்கிய பதிலோடு வைத்துவிட வேண்டாம்.

அட்டை வேலை செய்யவில்லை என்று மட்டும் சொன்னால் பதிலும் பொதுவாகத்தான் வரும். நான் பிறகு பழகிய முறை இது: "இன்று மாலை 6.40க்கு 75 டொலருக்கு ஒரு இணையக் கொடுப்பனவு மறுக்கப்பட்டது. உங்கள் பக்கத்தில் அந்தக் கோரிக்கை வந்திருக்கிறதா? வந்திருந்தால் என்ன காரணத்தால் மறுத்தீர்கள்? தொகை ஏதும் ஒதுக்கப்பட்டு நிற்கிறதா? அட்டையில் இப்போது தடை ஏதும் இருக்கிறதா?" இந்த நாலு கேள்விக்கும் பதில் கிடைத்தால் மிச்சம் தானாக விளங்கும். அழைப்புக்கு ஒரு குறிப்பு இலக்கம் கேளுங்கள். கதைத்தவரின் பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள்.

அவர்கள் உங்களை அடையாளம் காண அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, முகவரி கேட்பார்கள். பின் இலக்கமோ, ஓ.ரி.பி.யோ, பின்பக்கத்து மூன்று இலக்கமோ கேட்டால் அது வங்கி இல்லை, உடனே வையுங்கள். தபால் திணைக்களத்தின் பெயரில் பொதி வந்திருக்கிறது, சிறு கட்டணம் கட்டுங்கள் என்று இணைப்போடு வரும் எஸ்.எம்.எஸ்ஸும் அட்டை விவரத்தைப் பிடுங்கத்தான். அதில் போட்டிருந்தால் மறுப்பைப் பற்றி யோசிக்காமல் முதலில் அட்டையை நிறுத்துங்கள்.

மோசடித் தடுப்பால் பூட்டுப்பட்டிருந்தால், செய்தது நீங்கள்தான் என்று உறுதிப்படுத்தினால் பெரும்பாலும் அதே அழைப்பில் திறந்துவிடுவார்கள். எனக்கு இதைச் செய்திருக்கலாம் என்பது தெரியாமல் கிளை திறக்கும்வரை காத்திருந்தேன். அழைப்பு நிலையங்கள் போயா தினத்திலும் இயங்கும்.

8. மறுத்துவிட்டார்கள், ஆனால் காசு கழிந்துவிட்டது

பதறாதீர்கள். ஒதுக்கி வைத்த தொகையும் எடுத்துவிட்ட தொகையும் வேறு. வங்கிச் செயலியில் நிலுவையில் என்று காட்டினால் அது ஒதுக்கம் மட்டும். கடைக்காரர் அதைக் கோராமல் விட்டால் குறித்த நாட்களில் தானாக விடுபடும். எத்தனை நாள் என்பது வங்கிக்கு வங்கி வேறு. எனக்கு ஒரு தொகை எட்டாம் நாளும் மற்றது பதினோராம் நாளும் திரும்பின.

அவசரம் என்றால் அந்தத் தளத்துக்கு எழுதி, கொடுப்பனவு இரத்தானது என்று ஒரு மின்னஞ்சல் வாங்குங்கள். அதில் திகதி, தொகை, அட்டையின் கடைசி நாலு இலக்கம் இருக்க வேண்டும். அதை வங்கியின் அட்டைப் பிரிவுக்கு அனுப்பினால் முன்கூட்டியே விடுவிக்கிறார்கள்.

கணக்கு அறிக்கையில் முழுதாக ஏறிவிட்டது, பொருளோ சேவையோ கிடைக்கவில்லை என்றால் பிணக்குப் படிவம் கேளுங்கள். படம் எடுத்த திரை, மின்னஞ்சல், அறிக்கைப் பிரதி ஆகியவற்றை இணையுங்கள். வீசா, மாஸ்டர்காட் விதிகளில் பல வகைப் பிணக்குகளுக்கு 120 நாள் இருக்கிறது, ஆனால் உங்கள் வங்கி தன் நிபந்தனையில் அதைவிடக் குறைவாகப் போட்டிருக்கலாம். முதல் கிழமையிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஏ.ரி.எம். காசு தராமல் கணக்கில் கழித்துவிட்டால், மெசின் எந்த வங்கியுடையதாக இருந்தாலும் முறைப்பாடு உங்களுக்கு அட்டை தந்த வங்கியிடம்தான். மெசின் நின்ற இடம், நேரம், தொகை மூன்றையும் சொல்லுங்கள். சுன்னாகத்தில் எடுத்ததை யாழ்ப்பாணம் என்று சொன்னால் தேட இன்னும் நாள் போகும்.

9. கடையில் நடந்தால்

எங்கள் பக்கத்துக் கடைகளில் பல மெசின்கள் சிம்மில் ஓடுபவை. சிக்னல் குறைந்தால் கோரிக்கை போய்ப் பதில் திரும்பாமல் நின்றுவிடும். கடைக்காரர் எடுபடவில்லை, இன்னொருக்கால் போடுவோம் என்பார். அதற்கு முன் உங்கள் எஸ்.எம்.எஸ்ஸைப் பாருங்கள். கழிந்ததாக வந்திருந்தால், கடைசிக் கொடுப்பனவின் பிரதியை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுத்தது என்று நினைத்துக் காசாகக் கொடுத்துவிட்டீர்கள், பிறகுதான் எஸ்.எம்.எஸ். வந்தது என்றால் அன்றைக்கே கடைக்குத் திரும்புங்கள். கடை இரவு கணக்கு முடிக்கும் முன் அந்தக் கொடுப்பனவை மெசினிலேயே இரத்துச் செய்யலாம், இரண்டு நிமிட வேலை. கணக்கு முடித்துவிட்டால் திருப்பிச் செலுத்தல் என்ற நீண்ட வழிதான், நாட்கள் எடுக்கும். கஸ்தூரியார் வீதியில் நகை வாங்கிய ஒருவர் நாளைக்குப் பார்ப்போம் என்று வீட்டுக்கு வந்து, அந்தப் பெரிய தொகைக்காக மூன்று கிழமை அலைந்ததைப் பார்த்தேன்.

அட்டைக்கு இரண்டு மூன்று வீதம் கூடத் தர வேண்டும் என்று கடை கேட்டால் நீங்கள் கொடுக்கத் தேவையில்லை. அந்த மேலதிகத்தை வாடிக்கையாளரிடம் அறவிடக் கடைகளுக்கு அனுமதி இல்லை.

10. வெளிநாட்டு அட்டையோடு வந்திருப்பவர்களுக்கு

நல்லூர்த் திருவிழா நாட்களில் ஏ.ரி.எம். வாசலில் இதே கதையைத்தான் கேட்கிறேன். வெளிக்கிடும் முன் உங்கள் வங்கிச் செயலியில் பயண அறிவிப்புப் போடுங்கள். அட்டையில் வீசா, மாஸ்டர்காட், பிளஸ், சிரஸ் இவற்றில் ஒன்றின் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். கனடாவின் இன்ரராக் அடையாளம் மட்டும் உள்ள அட்டை இங்கே எடுபடாது. உங்கள் வங்கி உறுதிப்படுத்தலை எஸ்.எம்.எஸ்ஸில் அனுப்பினால் அந்த நாட்டுச் சிம்மைக் கழற்றிப் பெட்டிக்குள் போட வேண்டாம்.

மெசின் உங்கள் நாட்டு நாணயத்திலா, ரூபாவிலா என்று கேட்டால் ரூபாவைத் தெரிவு செய்யுங்கள். மற்றதில் மெசின்காரரின் விகிதம் விழும், நட்டம் உங்களுக்கு. ஏ.ரி.எம். ஒரு தொகைக்கு மறுத்தால் அதைவிடக் குறைந்த தொகையைக் கேட்டுப் பாருங்கள், ஒரு தடவைக்கான எல்லை வங்கிக்கு வங்கி வேறு. பின் இலக்கம் இரண்டு தரம் பிழைத்தால் மூன்றாவதைப் போடாமல் வந்துவிடுங்கள்.

11. வங்கி கேட்கவில்லை என்றால்

முதலில் கிளை முகாமையாளருக்கு எழுத்தில். தமிழில் எழுதலாம். திகதி முத்திரை வைத்த பிரதி வாங்குங்கள். பிறகு வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவு. அதிலும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், தொலைபேசி 1935. நிதி ஒம்புட்ஸ்மனிடமும் (வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிப்பவர்) போகலாம், கட்டணம் இல்லை. இரண்டு இடத்திலும் முதல் கேள்வி வங்கியிடம் எழுத்தில் கொடுத்தீர்களா என்பதுதான். அதனால்தான் அந்த முத்திரைப் பிரதி.

12. கடைசித் திகதி இருக்கிற அலுவல்களுக்கு

வெள்ளி பின்னேரம் தொடங்க வேண்டாம். நாட்காட்டியில் போயாவும் பொது விடுமுறையும் பார்த்து, கிளை திறந்திருக்கும் நாட்களில் குறைந்தது மூன்று மிச்சம் இருக்கும்போது கட்டுங்கள். முடிவு நேரம் அந்த நாட்டு நேரமா எங்கள் நேரமா என்றும் பாருங்கள்.

கட்டுப்படவில்லை என்றால் முடிவு நேரத்துக்கு முன்பே பெறுகிற இடத்துக்கு எழுதுங்கள். விண்ணப்ப இலக்கம், மறுப்புத் திரையின் படம், முயன்ற நேரம், வேறு எப்படிக் கட்டலாம் என்ற கேள்வி, அவ்வளவு போதும். நான் ஞாயிறு காலை அப்படி எழுதினேன். செவ்வாய் பதில் வந்தது, மூன்று நாள் கூடத் தந்து, வேறொரு கொடுப்பனவு இணைப்பையும் அனுப்பியிருந்தார்கள். வீட்டு இலக்கமும் 40000உம் போட்டு, அண்ணாவின் அட்டையில், அவர் பக்கத்தில் இருந்து ஓ.ரி.பி. சொல்ல, ஒரே தரத்தில் போனது.

உள்ளூரில் கட்டுவதற்கு அட்டையையே நம்பியிருக்க வேண்டாம். லங்கா கியூ.ஆர். குறியீடு வைத்திருக்கிற கடைகளில் அதை வங்கிச் செயலியால் ஸ்கான் செய்து கட்டலாம், கணக்குக்குக் கணக்கு உடனடியாக மாற்றவும் முடியும். இணையத்துக்கு வேறொரு வங்கியில் இரண்டாவது கணக்கும் டெபிட் அட்டையும் வைத்திருங்கள், அதில் தேவையான தொகையை மட்டும் அவ்வப்போது போடுங்கள். அதற்கு ஆண்டுக் கட்டணம் கழியும், எவ்வளவு என்று கேட்டுவிட்டுத் திறவுங்கள். இரண்டு அட்டைகளின் அழைப்பு நிலைய இலக்கங்களையும் +94 சேர்த்து ஒரு தாளில் எழுதி, அட்டைகள் இருக்கும் பணப்பையில் இல்லாமல் வேறிடத்தில் வையுங்கள்.